சொகுசுக் கார் கொம்பனி ஒன்றின் பழைய மொடல் பெயரைத் திரும்பவும் வைக்கலாமா? செயற்திட்டத்துக்கு உதவி தேவை

செட்டிகுளம் வாணி எழுதியது:

வணக்கம். வவுனியாப் பல்கலைக்கழகத்தில் வணிகக் கற்கைகள் இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் குழுவுக்குத் தரப்பட்ட செயற்திட்டம், கற்பனையான ஒரு சொகுசுக் கார் கொம்பனிக்கு மொடல் பெயர்த் திட்டம் எழுதுவது.

நிலைமை இதுதான். கொம்பனி இப்போது ஐந்து வண்டிகள் விற்கிறது. ஐந்துக்கும் எழுத்தும் இலக்கமும் கலந்த பெயர். கைவசம் மூன்று பழைய பெயர்கள் கிடக்கின்றன. முதலாவது, 1960களில் தொடங்கி 1990களில் நிறுத்திய பெரிய செடானின் பெயர். இரண்டாவது, 1980களில் வந்த இரண்டு கதவுக் கூப்பேயின் பெயர். மூன்றாவது, ஒரு சின்னச் செடானுக்கு வைத்து, விற்பனை படுத்ததால் நான்கு வருடத்தில் கைவிட்டது. அடுத்து வரப்போவது ஒரு மின்சார எஸ்யூவி. அதற்குப் பெரிய செடானின் பெயரை வைக்கவேண்டும் என்று மேலிடம் விரும்புகிறது.

சொல்லாகப் பெயர் வைப்பதா, எழுத்தும் இலக்கமுமா? பழைய பெயரை எடுக்குமுன் என்னென்ன பார்க்கவேண்டும்? இத்தனை வருடம் பாவிக்காத பெயர் சட்டப்படி இன்னும் அவர்களுடையதுதானா? இலங்கைச் சந்தையில் இதனால் என்ன சிக்கல் வரும்? பாடநூலில் எல்லாம் பொதுப்படையாகவே இருக்கிறது. நடந்த உதாரணங்களும், எங்கே பிழைத்தது, ஏன் பிழைத்தது என்பதும்தான் எங்களுக்குத் தேவை. தெரிந்த அண்ணாமார், அக்காமார் சொல்லித் தாருங்கள்.

பாலியாறு எழுதியது:

தங்கச்சி, மேலிடம் கேட்கிற கேள்வியை முதலில் மாற்றுங்கள். "இந்தப் பெயருக்கு மதிப்பு இருக்கிறதா" என்று கேட்டால் எல்லாப் பழைய பெயருக்கும் ஆம் என்றுதான் பதில் வரும். அந்தப் பெயர் கடைசியாகக் கொம்பனியின் எந்தப் படியில் நின்றது, புது வண்டி அதே படியில் நிற்குமா என்று கேளுங்கள். விலை வரிசை, அளவு, யார் வாங்கினார்கள், இந்த மூன்றும் சேர்ந்ததுதான் படி.

இதற்கு ஃபோர்டின் சொகுசுப் பிரிவான லிங்கனை விட நல்ல பாடம் கிடையாது. ஒரே கொம்பனிக்குள் எல்லா வகைப் பிழையும் எல்லா வகைச் சரியும் நடந்திருக்கின்றன. 2006இல் செஃபிர் என்ற பழைய பெயரை ஒரு செடானுக்கு வைத்தார்கள். அடுத்த மொடல் வருடமே அதை எம்கேஇசட் ஆக்கினார்கள். பிறகு எம்கேஎக்ஸ், எம்கேஎஸ், எம்கேடி, எம்கேசி என்று வரிசையாக வந்தன. இந்த எழுத்துகளில் எது பெரிது, எது சின்னது, எது செடான், எது எஸ்யூவி என்று சொல்ல எந்த ஒழுங்கும் இல்லை. அவர்களிடம் நவிகேட்டர் என்று சொல்லாக நின்ற பெயர் 1998இலிருந்து மாறவே இல்லை. அது எது, எவ்வளவு பெரியது என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கடைசியில் கொம்பனி சொற்களுக்கே திரும்பியது. 2019இல் எம்கேஎக்ஸ் நோட்டிலஸ் ஆனது. 2020இல் எம்கேசியின் இடத்துக்குக் கோர்சேர் வந்தது.

அதே 2020 வரிசையில் ஏவியேட்டர் என்ற பெயரும் திரும்பியது. அது 2003 முதல் 2005 வரை இருந்த பெயர், நவிகேட்டருக்கு ஒரு படி கீழே நின்ற மூன்று வரிசை எஸ்யூவி. திரும்பி வந்ததும் நவிகேட்டருக்கு ஒரு படி கீழே நிற்கும் மூன்று வரிசை எஸ்யூவியாகத்தான். படி மாறவில்லை. அதனால் பழையதைத் தெரிந்தவரும் குழம்பவில்லை, தெரியாதவருக்கும் தடங்கல் இல்லை.

லிங்கனின் கொன்டினென்டலைப் பாருங்கள். ஹென்றி ஃபோர்டின் மகன் எட்சல் ஃபோர்டின் காலத்தில், 1930களின் கடைசியில் பிறந்த பெயர். 2002இல் நின்று, 2017 மொடலாகத் திரும்பி, 2020இல் மறுபடி நின்றது. அந்தப் பெயரைக் கேட்டதும் மனத்தில் வருவது அமெரிக்காவின் உச்சப் படி. வந்த வண்டியோ ஃபோர்ட் ஃபியூஷனின் முன்சில்லு இழுவை அடித்தளத்தை நீட்டி எடுத்தது. 80ஆவது ஆண்டு நிறைவுக்கு, பின்கதவு எதிர்ப்பக்கமாகத் திறக்கும் நீளப் பதிப்பை 80 வண்டி என்று அளவாகச் செய்தபோதுதான் பெயருக்கும் வண்டிக்கும் பொருத்தம் வந்தது. தோல்வி முழுவதையும் பெயரில் போட்டு எழுதாதீர்கள். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் செடான் சந்தையே சுருங்கியது, ஃபோர்டும் செடான்களைக் கைவிட்டது. ஆனால் உச்சப் படிப் பெயரை நடுப் படி வண்டிக்கு வைத்தால் பெயர் வண்டியைத் தூக்காது, எதிர்பார்ப்பை மட்டும் தூக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஹொண்டாவின் சொகுசுப் பிரிவான அக்யூராவின் இன்டெக்ரா மறுபக்கம். 1986இல் வந்த சிறிய, ஓட்ட நயமான வண்டி. 2001க்குப் பிறகு ஆர்எஸ்எக்ஸ் என்று பெயர் மாற்றினார்கள், 2006இல் அதுவும் போனது. 2023 மொடலாக இன்டெக்ரா திரும்பியபோது ஐந்து கதவு, ஹொண்டா சிவிக்கின் அடித்தளம், விரும்பினால் கையால் மாற்றும் கியர். முந்தையதும் சிவிக்கின் உறவுதான். தொடக்கப் படியில் நின்ற பெயரைத் தொடக்கப் படியிலேயே வைத்தார்கள்.

இதைப் படித்துவிட்டு எழுத்தும் இலக்கமும் கெட்டது என்று முடிவு கட்டவேண்டாம். மெர்சிடிஸ் 2015இல் எஸ்யூவிகளை ஒழுங்குபடுத்தியது. ஜிஎல் என்ற இரண்டு எழுத்துக்குப் பிறகு வரும் எழுத்து எந்தச் செடானோடு சமம் என்று சொல்லும். சி செடானுக்கு ஜிஎல்சி, ஈ செடானுக்கு ஜிஎல்ஈ, எஸ் செடானுக்கு ஜிஎல்எஸ். ஒருமுறை கேட்டால் அடுத்த முறை கேட்கவேண்டியதில்லை. இன்ஃபினிட்டி 2014 மொடல்களுக்குச் செய்தது இதற்கு நேர்மாறு. ஜி, எம், இஎக்ஸ், எஃப்எக்ஸ், ஜேஎக்ஸ் என்று வாடிக்கையாளர் பழகிய எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கியூ, கியூஎக்ஸ் என்று மாற்றியது. எல்லாம் ஒரே எழுத்தில் தொடங்குவதால் காதில் வேறுபாடே விழாது. அவுடியும் இதில் அகப்பட்டது. இரட்டை எண் மின்சாரத்துக்கு, ஒற்றை எண் எரிபொருளுக்கு என்று பிரித்து, ஏ4இன் அடுத்த தலைமுறைக்கு ஏ5 என்று பெயர் வைத்தது. 2025 பெப்ரவரியில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. ஏ7 ஆக வரவிருந்த எரிபொருள் வண்டி ஏ6 ஆகவே வந்தது. பெயர் மாறிய ஏ5 அப்படியே நின்றுவிட்டது.

இலக்க முறை ஒழுங்கு இருந்தால் நிற்கும். ஒழுங்கை நடுவில் மாற்றினால் விழும். சொல் முறைக்கு ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாகப் பழக்க விளம்பரச் செலவு வேண்டும். உங்கள் கொம்பனிக்கு ஐந்து வண்டிதான், அந்தச் செலவு தாங்கும்.

ஏ9 சாமான் கடை எழுதியது:

அண்ணை சொன்னது விக்கிற பக்கம். வித்த பிறகு இருபது வருஷம் அந்த வண்டிக்குச் சாமான் எடுக்கிற பக்கமும் இருக்கு. அதையும் உங்கட அறிக்கையில் போடுங்கோ, அதை ஒருத்தரும் எழுதுறேல்லை.

டொயோட்டா ஹரியரை எடுங்கோ. முதல் இரண்டு தலைமுறையும் வெளிநாட்டில லெக்சஸ் ஆர்எக்ஸ். 2013இல் வந்த ஹரியர் ஆர்எக்ஸ் இல்லை, அது வேற வண்டி. அப்ப கிளிநொச்சியில ஒராள் வந்து "ஹரியருக்கு முன் பிரேக் பாட் தாங்கோ" எண்டா, பெயரை வைச்சு ஒண்டும் எடுக்கேலாது. செசி இலக்கத்தின்ர முன்பகுதி ஏசியூ30 எண்டு இருந்தா ஆர்எக்ஸ் பட்டியலைப் பாக்கலாம். இசட்எஸ்யூ60 எண்டு இருந்தா அங்க பாக்கவே கூடாது. இப்பிடித்தான் அல்டெசா லெக்சஸ் ஐஎஸ், அரிஸ்டோ லெக்சஸ் ஜிஎஸ், செல்சியோர் லெக்சஸ் எல்எஸ். 2005இல் ஜப்பானிலேயே லெக்சஸ் கடை திறந்த பிறகு இந்தப் பெயர்கள் ஒவ்வொண்டாப் போட்டுது.

மெர்சிடிஸில இன்னொரு விதம். எம்எல் எண்டு வந்த டபிள்யூ166 உடம்புக்கு நடுவில முகத்தை மாத்தி ஜிஎல்ஈ எண்டு பெயர் வைச்சவை. செசிக் குறியீடு அதேதான். சில்லைத் தாங்குற கீழ்க்கை, புஷ் மாதிரிக் கனக்கச் சாமான் ரெண்டுக்கும் பொருந்தும். முன் பம்பர், விளக்கு பொருந்தாது. பெயரைக் கேட்டுச் சாமான் குடுக்கிறவர் பொருந்துறதை "இல்லை" எண்டுவார், பொருந்தாததை எடுத்துக் குடுத்துப்போடுவார். இன்ஃபினிட்டி ஜேஎக்ஸ்35உம் அடுத்த வருஷ கியூஎக்ஸ்60உம் இதே கதைதான்.

அதால பெயர் மாத்துற கொம்பனி செய்யவேண்டிய வேலை ரெண்டு. ஒண்டு, உடம்பு மாறாமல் பெயரை மட்டும் மாத்தினா, உதிரிப்பாகப் பட்டியலில பழைய பெயரில தேடினாலும் புதுப் பெயரில தேடினாலும் அதே பக்கம் வரவேணும். மற்றது, பழைய பெயரைத் திருப்பி வைக்கேக்க, பட்டியலில அந்தப் பெயருக்குப் பக்கத்தில செசிக் குறியீட்டையும் வருஷத்தையும் கட்டாயம் போடவேணும். இல்லாட்டி 1990ஆம் ஆண்டு வண்டியின்ர சாமானும் புது வண்டியின்ர சாமானும் ஒரே தேடலில கலந்து வரும்.

இலங்கைக்கு ஒரு விசேஷம் இருக்கு. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினவை, தனியார் வாகனத்துக்குத் திரும்ப விட்டது 2025 பெப்ரவரியில. அந்த இடைவெளிக்குள்ள வெளியில நடந்த பெயர் மாற்றமெல்லாம் எங்களுக்கு ஒரே நேரத்தில வந்து இறங்குது. டொயோட்டா பிராடோவையே பாருங்கோ. 150 எண்ட தலைமுறைக்குப் பிறகு வந்தது ஜப்பானில லாண்ட் குரூசர் 250. அமெரிக்காவில வெறும் லாண்ட் குரூசர். இன்னும் சில நாட்டில பிராடோதான். வன்னியில அது எப்பவும் பிராடோதான், எந்தப் பெயர்ப் பட்ஜ் ஒட்டினாலும் அப்பிடித்தான் கூப்பிடுவினம். ஆனா வாகனப் பதிவுப் புத்தகத்தில என்ன பெயர் விழுகுதோ அதை வைச்சுத்தான் இன்சூரன்ஸும் லீசிங்கும் போகும். சனம் கூப்பிடுற பெயரும் புத்தகத்தில இருக்கிற பெயரும் வேறயா இருந்தா மதிப்புப் போடேக்க இழுபறி வரும்.

மாங்குளம் சந்தி எழுதியது:

சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன். பதிவு செய்த பெயர் பெட்டியில் வைத்த நகை போல அப்படியே இருக்காது. பாவிக்கவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடர்ந்து ஐந்து வருடம் உண்மையாகப் பாவிக்காவிட்டால் மற்றவர் நீக்கக் கேட்கலாம். ஜப்பானில் மூன்று வருடம். அமெரிக்காவில் மூன்று வருடம் பாவிக்காமல் விட்டாலே கைவிட்டதாக எடுத்துக்கொண்டு, இல்லை என்று நிறுவும் பொறுப்பைச் சொந்தக்காரர் மேல் போடுவார்கள். இங்கே 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். பதிவு பத்து வருடத்துக்கு, பிறகு பத்துப் பத்து வருடமாகப் புதுப்பிக்கலாம். ஐந்து வருடம் தொடர்ந்து பாவிக்காத பெயரை நீக்கக் கேட்க இங்கும் இடமுண்டு. கட்டணம் கட்டிப் புதுப்பிப்பது ஒன்று, பாவிப்பது வேறொன்று. உங்கள் அறிக்கையில் இந்த இரண்டையும் கலக்காதீர்கள்.

பாவிப்பு என்றால் எது? இதற்கு ஃபெராரியின் டெஸ்டரோசா வழக்கைப் படியுங்கள். 1984இல் தொடங்கிய அந்த வரிசை 1996இல் நின்றது. ஜெர்மனியில் ஒரு விளையாட்டுப் பொருள் கொம்பனியோடு வந்த தகராறில் பதிவை நீக்கும்படி டுசல்டோர்ஃப் நீதிமன்றம் தீர்த்தது. மேன்முறையீட்டில் கேள்வி ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது. 2020 ஒக்டோபர் 22ஆம் திகதித் தீர்ப்பு இரண்டு விடயம் சொன்னது. நிறுத்திய வண்டிக்கு அதே பெயரில் உதிரிப்பாகமும் சேவையும் விற்பது பாவிப்பாகலாம். பழைய வண்டியைக் கொம்பனியே அந்தப் பெயரில் திருப்பி விற்பதும் பாவிப்பாகலாம். 2025இல் ஃபெராரி 849 டெஸ்டரோசா என்று பெயர் திரும்பி வந்தது.

ஆகவே உங்கள் கற்பனைக் கொம்பனி அந்தப் பெரிய செடானுக்கு இன்றும் உதிரிப்பாகம் விற்கிறதா, பெட்டியிலும் பற்றுச்சீட்டிலும் அந்தப் பெயர் அச்சாகிறதா என்று முதலில் பாருங்கள். பாகத்தின் இலக்கம் மட்டும் அச்சாகியிருந்தால் சான்று பலவீனம். நான்கு வருடச் சின்னச் செடானின் பெயர்தான் பெரும்பாலும் கைவிட்டுப் போயிருக்கும்.

தேடல் இரண்டு கட்டமாகப் போகும். முதலில் சர்வதேச வகைப்படுத்தலில் 12ஆம் வகுப்பு, வாகனங்கள். அதே பெயர் அங்கே இருந்தால் அந்தப் பெயரை அப்போதே தள்ளிவிடலாம். மிஞ்சியதற்கு, ஒலியிலும் எழுத்திலும் கிட்ட வருவதை விற்கப்போகும் ஒவ்வொரு நாட்டிலும் தேடவேண்டும். கூடவே 37ஆம் வகுப்புத் திருத்தச் சேவை, 28ஆம் வகுப்பு விளையாட்டுப் பொருள், 25ஆம் வகுப்பு உடை. சொகுசுக் கொம்பனிக்கு மாதிரிக் காரும் தொப்பியும் வருமானம் என்பதால் இவற்றை விடமுடியாது.

பெயர் வெளியில் கசியாமல் விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. பாரிஸ் உடன்படிக்கைப்படி ஒரு நாட்டில் முதலில் போட்டால், ஆறு மாதத்துக்குள் மற்ற நாடுகளில் போடும்போது அதே முதல் திகதியைக் கோரலாம். அதனால் இணையத்தில் பதிவேட்டைத் தேடமுடியாத சின்ன நாட்டில் முதலில் போடுவார்கள். அமெரிக்காவில் பாவிக்கும் எண்ணம் இருக்கிறது என்று சொல்லி முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். அனுமதி அறிவித்தல் வந்த பிறகு பாவித்துக் காட்ட ஆறு மாதம், நீட்டித்து நீட்டித்து மொத்தம் 36 மாதம். வண்டி பிந்தினால் இந்தக் காலம் முடிந்துவிடும்.

பிந்தித் தேடியதற்கு உதாரணம் போர்ஷே. 1963இல் காட்டிய வண்டி 901. நடுவில் சுழியம் வரும் மூன்று இலக்கப் பெயர் பிரான்சில் தங்களுடையது என்று பெஜோ சொல்ல, 1964இல் அது 911 ஆனது. பதிவேட்டுக்கு வெளியிலும் ஆபத்து இருக்கிறது. 2024 ஏப்ரலில் அல்ஃபா ரோமியோ மிலானோ என்று வெளியிட்ட வண்டியைப் போலந்தில் செய்வதால், இத்தாலிய நகரத்தின் பெயர் வைக்கக்கூடாது என்று இத்தாலிய அமைச்சர் எதிர்த்தார். சில நாளில் அதை ஜூனியர் என்று மாற்றினார்கள்.

ரோல்ஸ் ரொய்ஸையும் ஒரு பந்தியில் போடுங்கள். 1998இல் வோக்ஸ்வாகன் இங்கிலாந்தின் குரூ நகரில் இருந்த தொழிற்சாலையையும் சிறகு உருவச் சின்னத்தையும் வாங்கியது. பெயரின் உரிமை விமான எஞ்சின் கொம்பனியிடம் இருந்தது, அது பிஎம்டபிள்யூவுக்குப் போனது. 2003இலிருந்து குட்வுட்டில் பிஎம்டபிள்யூ செய்த முதல் வண்டிக்கு 1925இல் தொடங்கிய ஃபன்டம் பெயரையே வைத்தார்கள். தொழிற்சாலை, சின்னம், பெயர் மூன்றும் தனித்தனிச் சொத்து.

செட்டிகுளம் வாணி எழுதியது:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. பாலியாறு அண்ணா, அப்படியானால் மேலிடம் கேட்கிறபடி பெரிய செடானின் பெயரை மின்சார எஸ்யூவிக்கு வைக்கலாமா, கூடாதா? எங்கள் குழு இதில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. மற்ற இரண்டு பெயரையும் என்ன செய்வது?

பாலியாறு எழுதியது:

என் முடிவு, வைக்கக்கூடாது. வண்டி மின்சாரம் என்பதால் சொல்லவில்லை. எஸ்கலேட் பெயரை கடிலாக் மின்சார வண்டிக்கும் எஸ்கலேட் ஐகியூ என்று வைத்தது, சிக்கல் வரவில்லை. முன்பும் பெரிய எஸ்யூவி, இப்போதும் பெரிய எஸ்யூவி. உருவமும் படியும் சேர்ந்து மாறும்போதுதான் அடி விழுகிறது. ஃபோர்ட் சொகுசு இல்லை, ஆனால் கப்ரியை ஒப்பிடலாம். 1986 வரை தாழ்ந்த கூப்பே. 2024இல் திரும்பியது மின்சார எஸ்யூவியாக, வோக்ஸ்வாகனின் அடித்தளத்தில். பழையதை நேசித்தவர் கோபப்பட்டார்கள், புதிதாக வாங்குபவருக்கு அந்தப் பெயர் எதையும் நினைவூட்டவில்லை. மசராட்டி கிப்லியும் 1967இல் கூப்பே, 2013இல் நான்கு கதவு செடான், மசராட்டியின் பெரிய செடான் குவாட்ரோபோர்ட்டேக்குக் கீழ்ப் படி.

ரோல்ஸ் ரொய்ஸ் எஸ்யூவி செய்தபோது ஃபன்டம் பெயரைத் தொடவில்லை. 2018இல் கலினன் என்று புதுப் பெயர் வைத்தது. உங்கள் கொம்பனியும் அப்படிச் செய்யட்டும். பெரிய செடானின் பெயரை உதிரிப்பாகத்தில் அச்சிட்டு உயிரோடு வைத்துக்கொண்டு, உச்சப் படியில் ஒரு செடான் வரும்வரை காத்திருக்கவேண்டும். அது வராவிட்டால் பெயர் சும்மா இருக்கட்டும்.

மேலிடம் மரபு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் நடுவழி ஒன்று இருக்கிறது. 1969இல் ரேஞ்ச் ரோவரின் பரிசோதனை வண்டிகளை மறைக்க அவற்றில் வேலார் என்ற பெயரை ஒட்டியிருந்தார்கள். 2017இல் அதையே ஒரு மொடலுக்கு வைத்தார்கள். கொம்பனியின் வரலாற்றில் இருந்த பெயர், ஆனால் விற்பனைக்கு வந்த எந்த வண்டியோடும் ஒட்டாதது. கைவிட்ட திட்டங்கள், பரிசோதனை வண்டிகள் இவற்றின் பெயரை ஆவணக் காப்பகத்தில் தேடச் சொல்லி எழுதுங்கள்.

கூப்பேயின் பெயர் கூப்பேக்குத்தான். பிஎம்டபிள்யூ 1999இல் நிறுத்திய 8 வரிசையை 2018இல் மறுபடி பெரிய இரண்டு கதவு வண்டியாகவே கொண்டுவந்தது. மூன்றாவது பெயரை விட்டுவிடுங்கள். தோற்ற வண்டியின் பெயரை எடுத்தால், பழைய வண்டி ஏன் தோற்றது என்று ஒவ்வொரு விமர்சனமும் முதல் பந்தியில் எழுதும்.

முத்தையன்கட்டு எழுதியது:

இரண்டு செய்முறை விடயம் விடுபட்டிருக்கிறது.

பெயர் முடிவாகவேண்டிய திகதியை விற்பனைப் பிரிவு மட்டும் தீர்மானிக்கமுடியாது. ஐரோப்பாவில் ஒவ்வொரு வண்டிக்கும் வரும் இணக்கச் சான்றிதழில் 0.2.1 என்ற இடத்தில் வணிகப் பெயர் இருக்கும். வகை, திரிபு, பதிப்புக் குறியீடுகள் 0.2இல் தனியாக இருக்கும். ஆகவே வண்டியை விற்க அரசிடம் எடுக்கும் வகை அங்கீகாரத்துக்கு ஆவணம் போகுமுன் பெயர் உறுதியாகவேண்டும். கையேடு, திரையில் எழும் வரவேற்பு எழுத்து, உதிரிப்பாகப் பட்டியல், பட்ஜ் அச்சு எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கின்றன. மிலானோ மாதிரிக் கடைசி நேரத்தில் மாறினால் இவை எல்லாவற்றையும் திருப்பிச் செய்யவேண்டும்.

பட்ஜ் பெரும்பாலும் குரோம் பூசிய ஏபிஎஸ் பிளாஸ்டிக், பின்னால் இரட்டைப் பக்க நுரை நாடா. எழுத்துகளைத் தனித்தனியாக ஒட்டினால் அழகு. ஆனால் இடைவெளி பிசகாமல் ஒட்ட அளவுத்தாள் வேண்டும், அடிபட்டு ஒரு எழுத்து விழுந்தால் அந்த ஒன்றை மட்டும் தேடி எடுப்பது கடினம். சின்ன எழுத்தில் நாடா பிடிக்கும் பரப்பும் குறைவு, வன்னி வெயிலிலும் புழுதியிலும் அதுதான் முதலில் கழரும். பத்து எழுத்துக்கு மேல் போனால் எழுத்தைச் சிறிதாக்கவேண்டிவரும், தூரத்தில் வாசிக்கமுடியாது.

உச்சரிப்பை நீங்களே வவுனியாவில் சோதிக்கலாம். பத்துப் பேரிடம் பட்ஜின் படத்தைக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். வேறு பத்துப் பேருக்குத் தொலைபேசியில் பெயரைச் சொல்லித் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் எழுதச் சொல்லுங்கள். சிங்களம் பேசுபவர்களிடமும் இதையே செய்யுங்கள். எழுதியவை நான்கைந்து விதமாகப் பிரிந்தால் விற்பனை விளம்பரத்திலும் உதிரிப்பாகத் தேடலிலும் அந்த வண்டி சிதறிப்போகும். இரண்டு விதத்துக்குள் நின்றால் போதும்.

ஏ9 சாமான் கடை எழுதியது:

தங்கச்சி, அறிக்கைக்குக் கடைசியில ஒரு அட்டவணை போடுங்கோ. பழைய பெயர், புதுப் பெயர், செசிக் குறியீடு, தொடங்கின வருஷம், நிப்பாட்டின வருஷம், எந்த நாட்டில எந்தப் பெயர், கடைசியா உதிரிப்பாகப் பெட்டியில பெயர் அச்சான வருஷம். அந்தக் கடைசி நிரல் மாங்குளம் அண்ணைக்கும் வேணும், எனக்கும் வேணும். செசி இலக்கம் எழுதேக்க ஒண்டைக் கவனியுங்கோ. 17 இடமுள்ள சர்வதேச இலக்கத்தில ஐ, ஓ, கியூ எண்ட ஆங்கில எழுத்துகள் வராது, அதால ஓ மாதிரித் தெரியிறது சுழியம்தான். ஜப்பான் உள்நாட்டு வண்டிக்கு அந்த 17 இடமே இல்லை, முன்குறியீடு, ஒரு கோடு, தொடர் இலக்கம், அவ்வளவுதான். ரெண்டு வகைக்கும் ரெண்டு நிரல் விடுங்கோ.